ஊடுகாற்று

நுன்சியாத்தாவின் இடது கால் செருப்பு முதன்முதலில் தொலைந்தது நவம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. கீரை வண்டிக்காரன் நின்ற இடத்திலிருந்து அவள் வீட்டு வாசல் இருபது அடிதான் இருக்கும். கீரைக்கட்டோடு வந்து மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். எதிர்வீட்டுத் தித்தீனா செருப்பைக் கையில் ஆட்டிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"இந்தா மகாராணி. பல்லக்குலேர்ந்து இறங்கும்போது விட்டுட்டே."

"என்னோடது இல்லடி. என்னோடது என் கால்லதான் இருக்கு."

"குனிஞ்சு பாரு."

நுன்சியாத்தா குனிந்து பார்த்தாள். ஒரு கால் வெறுங்கால். சந்து முழுக்கச் சிரித்தது. ஊரார் காலுக்கெல்லாம் நாள் முழுக்கச் செருப்பும் ஷூவும் தயார் பண்ணுகிறவளுக்குத் தன் காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லையே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். தொலைந்த செருப்புக்கு எந்த எண், தொலைத்த பெண்ணுக்கு எந்த எண் என்று, எதற்கும் ஒரு எண் சொல்லுகிற சகுனப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, ஏழெட்டுப் பேர் லாட்டரியும் எடுத்தார்கள். ஒன்றும் விழவில்லை.

அவள் புருஷன் அனியெல்லோ மட்டும் சிரிக்கவில்லை. அவன் வீட்டின் பின்பக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றான். ஜன்னல் ஒரு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. முன்கதவும் திறந்திருந்தது.

"ஊடுகாத்து," என்றான். "நான் சொல்லலே? ஊடுகாத்துதான்."

அனியெல்லோவின் தொழில் சவப்பெட்டி தூக்குவது. நேப்பிள்ஸில் சனித்தா பேட்டையில் செத்தவர்களில் பாதிப் பேரைக் கடைசியாகத் தோளில் சுமந்தவன் அவன்தான். இருபத்திரண்டு வருஷ அனுபவம். இழவு வீட்டுக்குள் நுழைந்ததும் தொப்பியைக் கழற்றுவான், சிலுவை போடுவான், பிறகு அழுதுகொண்டிருக்கும் விதவையிடம் பக்குவமாகக் கேட்பான்: "அம்மா, அன்னைக்கு எந்த ஜன்னல் திறந்திருந்தது?" எந்த வீட்டிலும் ஏதாவது ஒரு ஜன்னல் திறந்திருக்கத்தான் செய்யும். அனியெல்லோ தலையை ஆட்டிக்கொள்வான். மாரடைப்பு என்றும் சர்க்கரை என்றும் டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் காகிதங்களை அவன் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. அவனுடைய அப்பா எண்பத்தொரு வயதில், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ஒரு தட்டு நிறையப் பொரித்த விலாங்கு மீனைத் தனியாளாகத் தின்று முடித்துச் செத்தார். அதற்கும் காரணம் யாரோ பால்கனிக் கதவைத் திறந்து வைத்ததுதான் என்று அவன் இன்றைக்கும் சொல்வான்.

வெட்டவெளிக் காற்றுக்கு அவன் பயப்பட்டதில்லை. மழையிலும் பனியிலும் பெட்டியைச் சுமந்துகொண்டு கல்லறை வரை நடப்பான். ஒரு திறப்பில் புகுந்து மறு திறப்பில் வெளியேறுகிற காற்றுதான் கொலைகாரன் என்பது அவன் கட்சி. ஆகவே அன்றைக்குச் சாயங்காலமே கந்தல் துணிகளைச் சுருட்டி ஜன்னல் இடுக்குகளில் திணித்தான். கதவுக்குக் கீழே பழைய கோட்டு ஒன்றை மடித்துப் போட்டான்.

அவர்களுடைய வீடு என்பது சந்தோடு சந்தாகத் தரைமட்டத்தில் ஒரே அறை. கட்டில், அடுப்பு, சுவரில் மாதா படம், நடுவில் மேசை. மேசைமேல் பசை டின். முதலாளி தோன் சவேரியோவின் ஷூ பட்டறையிலிருந்து, ஷூவின் மேல்பாகத்துக்கு வெட்டின மேல்தோல்கள் கட்டுக் கட்டாக வரும். நுன்சியாத்தா ஓரத்தில் தூரிகையால் பசை தடவுவாள். விரலில் ஒட்டும் பதம் வரும் வரை வரிசையாகக் காயவைப்பாள். பிறகு ஓரத்தை மடித்துச் சிறு சுத்தியலால் தட்டுவாள். ஒரு நாளைக்கு அறுபது ஜோடி. அந்தச் சந்தில் ஒன்பது வீடுகளில் இதே வேலைதான். பசை காய்கிறது என்றால் அதில் இருந்தது எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. அறையில் எப்போதும் ஒரு தித்திப்பு வாசனை இருக்கும். மத்தியானத்துக்குள் தலை கனத்துவிடும். தக்காளிச் சாறு ஊற்றின பாஸ்தாவிலும் பசை மணக்கும்.

"பசியே இல்ல அனியே," என்று தட்டைத் தள்ளிவிடுவாள். வருஷ ஆரம்பத்தில் அளவாக இருந்த பாவாடை இப்போது இடுப்பில் நிற்கவில்லை.

செருப்பு விஷயம் காதில் விழுந்து தோன் சவேரியோவே நேரில் வந்தார். கம்பளிக் கோட்டு, தங்கப்பல், கையில் ஒரு பெரிய சுருள். ஷூவுக்குள் வைக்கிற தடித்த கம்பளிப் பட்டை.

"அனியெல்லோ, கேள்விப்பட்டேன். நீ பண்ணது ரொம்பச் சரி. கந்தலெல்லாம் பத்தாது. இதை வெச்சு அடை. என் அன்பளிப்பு."

"தோன் சவேரியோ, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றது!"

கதவில் சாய்ந்து நின்ற தித்தீனா மூக்கைச் சுளித்தாள். "இந்தப் பசை நாத்தத்துக்கும் காலுக்கும் எதுனா சம்பந்தம் இருக்குமோங்க?"

"நாத்தமா? நான் முப்பது வருஷமா மோந்துட்டிருக்கேன். என்னைப் பாரு, குதிரை மாதிரி இல்ல?"

குதிரை மாதிரிதான் இருந்தார். அனியெல்லோவுக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. அவர் போனதும் ஒரு பொழுது முழுக்கச் செலவழித்து, ஆணி அடித்து, ஒரு ஊசி நுழைய வழியில்லாமல் ஜன்னலை அடைத்தான். ஆணி அடிப்பதில் அவனுக்கு நல்ல பழக்கம் உண்டு.

டிசம்பரில் செருப்பு வாரத்துக்கு நாலு முறை தொலைந்தது. சட்டைப் பொத்தானைப் போட அவள் விரல் ஒத்துழைக்கவில்லை. அனியெல்லோதான் காலையில் பொத்தான் போட்டுவிடுவான்.

"மெதுவா போடு அனியே. யாருக்குப் போட்டுப் பழகின கைன்னு எனக்குத் தெரியும். நான் இன்னும் உசுரோடதான் இருக்கேன்."

"அவங்க யாரும் இப்படி வாயாடினது இல்ல."

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் படியில் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். அனியெல்லோ ஓடி வந்து தூக்கினான். வழக்கம்போல அவள் ஏதாவது கேலி பேசுவாள் என்று எதிர்பார்த்தான். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அனியே, முழங்காலுக்குக் கீழே என்னோடது மாதிரியே இல்ல. யாரோ விட்டுட்டுப் போன கால் மாதிரி இருக்கு. நடக்கவே முடியாம போயிடுமா?"

அத்தனை சாவு பார்த்தவன் எழுந்து போய் ஜன்னல் இடுக்கை விரலால் தடவிப் பார்த்தான். ஜன்னலில் இனி அடைக்க இடமில்லை. மிச்சம் இருந்தது மாதாதான். கோயிலுக்குப் பக்கத்தில் வேண்டுதல் பொருள்கள் விற்கிற கடைக்குப் போனான். வெள்ளித் தகட்டில் செய்த கண், இதயம், கை, வயிறு எல்லாம் கயிற்றில் தொங்கின.

"ஒரு ஜோடி கால் வேணும்."

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "நீ எந்தச் சந்து?"

அனியெல்லோ சொன்னான்.

"நினைச்சேன். இருக்கிறது கடைசி ஜோடி. இந்தக் குளிர்காலத்துல உங்க சந்துக்கு மட்டும் எட்டு ஜோடி போயிருக்கு, உன்னோடது ஒன்பது. மத்த சந்துக்காரங்க ஒருத்தர் கண்ணு வாங்குறாங்க, ஒருத்தர் வயிறு வாங்குறாங்க, கலந்துதான் போகும். உங்களுக்கு மட்டும் காலாவே போகுது. என்ன விஷயம், கூட்டமா எங்கயாச்சும் ஓடிப் போகப்போறீங்களா?"

"யார் யாரு வாங்கினா?"

கடைக்காரர் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். தித்தீனா பேரும் இருந்தது. சந்திலேயே பலமாகச் சிரித்தவள்! சந்துக் கோடி வீட்டுக் கார்மினெல்லா பேரும் இருந்தது. அந்த இடத்தில் அனியெல்லோ நின்றுவிட்டான். கார்மினெல்லா வீட்டில் ஜன்னலே கிடையாது. ஒரே ஒரு கதவுதான். ஒற்றைத் திறப்பில் ஊடுகாற்று எங்கிருந்து புகுந்து எங்கே போகும்? மற்ற வீடுகளையும் ஒவ்வொன்றாக மனசுக்குள் திறந்து பார்த்தான். கதவு ஒரு மாதிரி, ஜன்னல் ஒரு மாதிரி, குடித்தனம் ஒரு மாதிரி. ஒன்பது வீட்டு மேசையிலும் ஒரே மாதிரி இருந்தது தோன் சவேரியோவின் பசை டின் ஒன்றுதான். இருபத்திரண்டு வருஷமாகக் கட்டிக் காத்த சாஸ்திரம் அந்தக் கடை வாசலிலேயே இடிந்து விழுந்தது.

நேராகத் தித்தீனா வீட்டுக்குப் போனான். "நீயும் கால் வாங்கினியாமே?"

"வாங்கினேன். அதுக்கென்ன இப்போ?"

"உன் செருப்பு ஒரு நாளும் தொலையலையே?"

தித்தீனா சந்தில் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு பாவாடையைக் கணுக்கால் வரை தூக்கிக் காட்டினாள். இரண்டு செருப்பையும் சிவப்பு ரிப்பனால் காலோடு சேர்த்துக் கட்டியிருந்தாள்.

"யார்கிட்டயாவது சொன்னே, உன் பெட்டியிலயே உன்னைப் போட்டு மூடிடுவேன்," என்றாள். அப்படியே அழவும் செய்தாள்.

மறுநாள் நுன்சியாத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். இளம்வயது லேடி டாக்டர். ரப்பர் சுத்தியலால் அவள் முழங்காலில் தட்டினார். கால் அசையவே இல்லை. சுத்தியலில்தான் கோளாறு என்று அனியெல்லோ தன் முழங்காலை நீட்டினான். அவன் கால் எகிறி டாக்டரின் மேசையை உதைத்து மைப்புட்டி கவிழ்ந்தது.

பசை டின்னைப் பற்றி அனியெல்லோ சொன்னதை டாக்டர் மையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு விசாரித்தார். "வீட்ல வெச்சா பசை ஒட்டுறீங்க?"

"ஆமாங்க. எட்டு வருஷமா."

"பசையை இளக்கறதுக்கு ஹெக்சேன்னு ஒண்ணைக் கலக்கறாங்கம்மா. பெட்ரோலிய வகை. பசை காயுதுன்னா அது ஆவியாகி ரூம்ல நிக்குதுன்னு அர்த்தம். நீங்க அதைத்தான் நாள் பூரா மூச்சா இழுக்கிறீங்க. நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக் கெடுக்கும். நீள நரம்புலதான் முதல்ல கை வைக்கும். அதான் பாதம், அப்புறம் விரல். ஜன்னல் இல்லையா வீட்ல?"

பதில் சொல்ல வாயெடுத்த அனியெல்லோவை அவன் பொண்டாட்டி முந்திக்கொண்டாள்.

"இருக்குங்க," என்றாள் நுன்சியாத்தா. "குளிர் ஜாஸ்தின்னு நான்தான் அடைக்கச் சொன்னேன்."

அனியெல்லோ தரையைப் பார்த்தான். அதைவிட அவள் அவனை நாலு அறை அறைந்திருக்கலாம்.

"திறந்து வைங்க. கதவு ஜன்னல் ரெண்டையும்."

"ரெண்டையுமா?" அனியெல்லோ எழுந்தே விட்டான். "ஒரே நேரத்துலயாங்க?"

"ஒரே நேரத்துலதான். காத்து ஊடுருவிப் போகணும். பசையை இவங்க இனிமே தொடக்கூடாது, அது இருக்கிற ரூம்லயும் இருக்கக்கூடாது. விட்ட பிறகும் ரெண்டு மூணு மாசம் மோசமாத்தான் போகும், பயப்படாதீங்க. அப்புறம் மெல்லத் திரும்பும். முழுசாத் திரும்புமான்னு இப்போ சொல்ல முடியாது. பாதத்துல குளிர் உறைக்குதுன்னு இவங்க என்னைக்குச் சொல்றாங்களோ, அன்னைக்கு வந்து எங்கிட்ட சொல்லுங்க."

திரும்பும் வழியில் அவன் அவளைத் தாங்கிக்கொண்டே நடந்தான். பாதி தூரம் வந்ததும் சொன்னான்: "நான்தான் நுன்சியா. நானே ஆணி அடிச்சு உன்னை உள்ளே வெச்சு மூடினேன்."

"நல்லதுக்குன்னுதானே செஞ்சே. முட்டாள்தனமாத்தான் செஞ்சே. ஆனா நல்லதுக்குத்தான்."

வீட்டுக்கு வந்து கம்பளிப் பட்டையைப் பிய்த்தெறிந்தான். கதவையும் ஜன்னலையும் விரியத் திறந்தான். பிறகு தொப்பி போட்டு, மூன்று கழுத்துத் துண்டுகளைச் சுற்றிக்கொண்டு, நாற்காலியை இழுத்து இரண்டு திறப்புக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தான். காற்று அவள்மேல் படுவதற்கு முன்னால் தன்மேல் படட்டும் என்று ஏற்பாடு. பல்லைக் கடித்துக்கொண்டு சாவுக்குக் காத்திருந்தான். தும்மல்கூட வரவில்லை.

டாக்டர் சொன்னதை அனியெல்லோ எட்டு வீட்டுக்கும் சொல்லி, பெண்களோடு பட்டறைக்குப் போய் முறையிட்டான். தோன் சவேரியோ காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "டாக்டருங்க புஸ்தகத்தைப் பார்த்துப் பேசுவாங்க. இது ஊடுகாத்துதான் அனியெல்லோ. நீயே சொன்னதுதானே? பசை வேணாம்னா விட்டுடுங்க. வேலை செய்ய வேற சந்து இருக்கு."

எட்டுப் பெண்களும் புதுத் தோல்கட்டுகளை வாங்கிக்கொண்டார்கள். அந்த வேலையை விட்டால் அடுப்பு எரியாது. அனியெல்லோ மட்டும் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு யோசித்தான்.

"நீங்க சொல்றதும் சரிதாங்க," என்றான்.

அடுத்த வியாழக்கிழமை காலை, அனியெல்லோவும் அவனோடு பெட்டி தூக்குகிற மூன்று பேரும் கறுப்புக் கோட்டு போட்டுச் சந்துக்குள் வந்தார்கள். நுன்சியாத்தாவை நாற்காலியோடு தோளுக்கு ஏற்றினார்கள். பின்னால் எட்டுப் பெண்கள் ஆளுக்கொரு பசை டின்னும் தோல்கட்டுமாக வந்தார்கள். வழியில் பார்த்தவர்கள் சிலுவை போட்டார்கள். மேலே இருந்தவள் ஒவ்வொருவருக்கும் கையாட்டிக்கொண்டே போனாள்.

"இன்னும் இல்ல, இன்னும் இல்ல. வீட்டுக்குப் போங்க."

"ஆடாதே நுன்சியா," என்று கீழிருந்து உயரமான தொம்மாசோ முனகினான். "எங்க ஆளுங்க யாரும் இப்படி ஆட மாட்டாங்க."

தோன் சவேரியோ வீடு மேட்டுத் தெருவில் மூன்றாவது மாடி. அவர் மனைவி தோன்னா எர்சீலியா கதவைத் திறந்ததும் கறுப்புக் கோட்டுகளைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள்.

"ஐயோ மாதாவே! யார் செத்தது?"

"இன்னும் யாரும் இல்லம்மா. அதுக்குத்தான் வந்திருக்கோம்."

சவம் தூக்குகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினால் சீக்கிரமே வேறு காரியமாக வருவார்கள் என்று அந்தப் பேட்டையில் ஒரு பயம் உண்டு. அம்மாள் வழி விட்டாள். நுன்சியாத்தாவை மட்டும் வெளியே படிக்கட்டுத் தளத்தில், திறந்த ஜன்னலடியில் இறக்கினார்கள். மற்றவர்கள் சாப்பாட்டு அறைக்குள் போய், பளபளக்கும் வால்நட் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, எட்டு டின்னையும் திறந்தார்கள். அனியெல்லோ கோட்டுப் பையிலிருந்து கம்பளிப் பட்டையை எடுத்து ஜன்னல்களை அடைக்க ஆரம்பித்தான்.

தோன் சவேரியோ காபிக் கோப்பையோடு ஓடி வந்தார். "என்ன கூத்து இது?"

"எங்க சந்துல ஊடுகாத்து ஜாஸ்திங்க. பசை மேல குத்தம் இல்லன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அதான் ஊடுகாத்து இல்லாத வீடாப் பார்த்து வந்தோம். பட்டை உங்க அன்பளிப்புதான். நல்லா அடைக்குது."

பெண்கள் பசை தடவினார்கள், காயவைத்தார்கள், தட்டினார்கள். பீங்கான் சாமான் அலமாரி மேலேயும் மேல்தோல்கள் காய்ந்தன. தோன் சவேரியோ பட்டறைக்கு ஆள் அனுப்பினார். வந்த ஆள்கள் கறுப்புக் கோட்டுகளைப் பார்த்துவிட்டுப் படியோடு திரும்பிப் போனார்கள். மத்தியானம் ஆனது. தோன்னா எர்சீலியா பீன்ஸ் சூப்பை ஒரு வாய் வைத்துவிட்டு ஸ்பூனைக் கீழே போட்டாள்.

"சூப்புல என்ன இப்படி நாறுது? எனக்குத் தலையைச் சுத்துதே!" எழுந்து பால்கனிக் கதவுப் பக்கம் போனாள்.

அனியெல்லோ குறுக்கே பாய்ந்தான். "ஐயோ அம்மா, திறக்காதீங்க! ஊடுகாத்து! என் பொண்டாட்டிக்குக் கால் போனதே அதுலதான். உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க."

"சவேரியோ! நீ முப்பது வருஷமா இதையா மோந்தே?"

தோன் சவேரியோ காபிக் கோப்பையைப் பார்த்தார். "மூடியைத் திறந்து பார்ப்பேன்... சரக்கு வரும்போது..."

"மூடியையா?" அம்மாள் பெண்களின் பக்கம் திரும்பினாள். "நீங்க இதை எங்கடி வெச்சு ஒட்டுறீங்க?"

"படுக்கிற ரூம்லதாம்மா," என்றாள் தித்தீனா. "சமைக்கிறதும் அங்கதான். எங்களுக்கு இருக்கிறதே ஒரு ரூம்." சொல்லிவிட்டுக் காலை நீட்டிச் சிவப்பு ரிப்பனைக் காட்டினாள். இன்னும் ஏழு பேர் காலை நீட்டினார்கள். அவர்களும் ரிப்பனும் கயிறுமாகக் கட்டியிருந்தது அப்போதுதான் ஒருத்திக்கொருத்தி தெரிந்தது.

தோன்னா எர்சீலியா கம்பளிப் பட்டையைப் பிடித்து இழுத்தாள். அது சுலபத்தில் வரவில்லை. அனியெல்லோவே உதவி செய்தான். அதன் பிறகு அவள் புருஷனிடம் பேசியது படிக்கட்டில் இருந்த நுன்சியாத்தா வரை கேட்டது. நாற்காலியோடு திரும்ப வரும்போது வழி நெடுக அதை அப்படியே நடித்துக் காட்டிக்கொண்டு வந்தாள்.

ஈஸ்டருக்குள் பாலத்தடியில் காலியாகக் கிடந்த கிடங்கு ஒன்று வேலைக்கூடமானது. சுவரில் இரண்டு பெரிய விசிறிகள் வந்தன, டின்களுக்கு மூடி வந்தது. பசையையும் மாற்றிவிட்டதாகத் தோன் சவேரியோ சத்தியம் செய்தார். அவர் மனைவி வாரம் ஒருமுறை வந்து மோந்து பார்ப்பாள் என்பதால் பெண்கள் நம்பினார்கள். நுன்சியாத்தா அங்கே போகவில்லை. டாக்டர் சொன்னதுபோலவே வசந்தம் முழுக்க மோசமானாள். ஸ்பூனைப் பிடிக்கக்கூட முடியவில்லை. அனியெல்லோ ஊட்டிவிட்டான். இது இப்படியே நின்றுவிடுமோ என்று இரண்டு பேருக்கும் பயம் இருந்தது. ஒருவர் பயத்தை மற்றவரிடம் சொல்லவில்லை. ஆகஸ்டில் ஸ்பூன் கைக்கு வந்தது. அக்டோபரில் கோலூன்றிக் கதவு வரை வந்தாள்.

டிசம்பர் வந்தது. கதவும் ஜன்னலும் விரியத் திறந்திருந்தன. நடுவில் அனியெல்லோ மூன்று கழுத்துத் துண்டோடு உட்கார்ந்திருந்தான். நுன்சியாத்தா மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அனியே, அந்தக் கதவைச் சாத்து."

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"இப்ப பசையா இருக்கு வீட்ல? சாத்துன்னா சாத்தேன். கால் சில்லுன்னு விறைக்குது."

அவன் எழுந்து போய்க் கதவைப் பிடித்தான். பிடித்த கை அப்படியே நின்றது. "எது விறைக்குது?"

"கால்தான்." அவள் கையிலிருந்த கீரை கீழே விழுந்தது. "அனியே... கால்."

ஓடி வந்து மண்டியிட்டு அவள் செருப்பைக் கழற்றிப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்தான். அவள் வீல் என்று கத்தினாள்.

"ஐயோ எடு! ஐஸ் மாதிரி இருக்கு உன் கை!"

"இன்னொரு தரம் சொல்லு."

"எடுடா கையை!"

அனியெல்லோ அந்தப் பாதத்தின்மேல் முகத்தை வைத்து அழுதான். பிறகு எழுந்து வாசலுக்குப் போய்ச் சந்து அதிரக் கத்தினான். "என் பொண்டாட்டிக்குக் குளிருது! ஏ, எல்லாரும் கேளுங்க! நுன்சியாவுக்குக் குளிருது!"

எதிர்வீட்டு ஜன்னலில் தித்தீனாவின் தலை தெரிந்தது. "குளிருதுன்னா கதவைச் சாத்தித் தொலையேன்டா. அதுக்கு எதுக்கு ஊரைக் கூட்டுறே?" என்றவள், அரை நிமிஷம் கழித்து, ரிப்பன் கட்டாத செருப்போடு விழுந்தடித்துக்கொண்டு வந்தாள்.

அதற்குள் அனியெல்லோ ஆஸ்பத்திரியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தான். கழுத்துத் துண்டுகள் மூன்றும் நாற்காலியிலேயே கிடந்தன. கதவை அவன் சாத்தவே இல்லை. நுன்சியாத்தா உள்ளே இருந்து கதவு, கதவு என்று அவனைத் திட்டிக்கொண்டே இரண்டு காலையும் காற்றுக்கு நீட்டினாள்.